ஏரி வாரியமும் நம் வளாகமும்



வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் இதழ் இது. அதனால் இந்த முறை வரலாற்றுப் பக்கத்தில் மழைநீரைப் பற்றிப் பேசுவோம். அதற்கு உங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போக வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது குடவோலைத் தேர்தல்தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்தோம். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டார். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுத்தார்கள், பெயரைப் படித்தார்கள், சரி. அந்தப் பெயருக்கு உரியவர் மறுநாள் காலையில் எந்த வேலைக்குப் போனார்?

ஒரு வேலை, ஏரியைப் பார்த்துக்கொள்வது.

மேகத்தின் பெயரில் ஓர் ஏரி

உத்திரமேரூர் பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊராக இருந்தது. ஊரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் உள்ள பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். அவன் காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியும் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியும். அப்படியென்றால் ஏரிக்குக் குறைந்தது ஆயிரத்து நூற்றெழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

இந்த வட்டாரத்தின் நிலத்தைப் பார்த்தால் ஏன் இத்தனை ஏரிகள் என்பது புரியும். பாலாறும் செய்யாறும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அல்ல. காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களுக்கு வேண்டிய தண்ணீரை அந்தச் சில வாரங்களில்தான் பிடித்து வைக்க வேண்டும். மலையோ பள்ளத்தாக்கோ இல்லாத, லேசாகச் சரிந்த நிலம். ஆகவே சரிவுக்குக் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை போட்டார்கள். கரைக்கு மேற்புறம் ஏரி, கீழ்ப்புறம் வயல்.

ஓர் ஏரியில் கவனிக்க வேண்டிய உறுப்புகள் நான்கு. தண்ணீர் வரும் வழி வரத்துக்கால். தண்ணீரைத் தாங்கி நிற்பது கரை. வேண்டிய அளவு வெளியே விடுவது மதகு, பழைய பெயர் தூம்பு. நிரம்பிய பிறகு மிஞ்சியது வழிந்து போகும் இடம் கலங்கல். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் வீணாவதில்லை. அது கீழே இருக்கும் அடுத்த ஏரியின் வரத்துக்காலுக்குப் போகும். இப்படிச் சங்கிலி போல ஏரிக்குப் பின் ஏரி. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இந்த முறையில் அமைந்தவை.

இந்த அமைப்பின் நுட்பத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. நான்கு உறுப்புகளில் எது கெட்டாலும் ஏரி கெட்டுவிடும். வரத்துக்கால் அடைத்தால் ஏரி நிரம்பாது. கலங்கல் அடைத்தால் கரை உடையும். ஏரியில் வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறையும். வண்டலோ ஒவ்வொரு மழைக்கும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஏரி என்பது ஒரு தடவை வெட்டி முடித்துவிடும் வேலை இல்லை. ஆண்டுதோறும் செய்யும் வேலை. இந்தப் பகுதியின் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்கள் பலரைக் காணலாம். முதலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைய மொழியில் சொன்னால், கார்ப்பஸ் ஃபண்ட்.

ஆறு பேர், 360 நாள்

இப்போது குடவோலைக்கு வருவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அதாவது கி.பி. 919, 921. கல்வெட்டறிஞர் வி. வெங்கய்யா இவற்றை 1904-05ஆம் ஆண்டுக்கான தொல்லியல் துறை அறிக்கையில் வெளியிட்டு உலகறியச் செய்தார். பிறகு வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார்.

இரண்டாவது கல்வெட்டின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை நம் கணக்கில் வார்டு என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது பிளாக். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபையார் கூடியிருக்க, நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்யஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா!

இப்படித் தேர்ந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குத் தனியாகத் தேர்வு. பதவிக்காலம் 360 நாள். தவறு செய்தவர் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே நீக்கப்படுவார்.

தகுதிகளைப் பாருங்கள். வயது 35க்கு மேல் 70க்குள். சொந்த மனையில் வீடு. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். வேதக் கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். காரியத்தில் திறமை, நேர்மையாக ஈட்டிய பொருள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கறாரானது கணக்கு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இட முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் இட முடியாது. யார் யார் உறவினர் என்று சித்தி மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன் என்கிற ரீதியில் கல்வெட்டு ஒரு பட்டியலே போடுகிறது. கணக்கு எழுதுகிறவருக்கும் இதே கதிதான். தன் காலத்துக் கணக்கை ஒப்படைத்து, சரியானவர் என்று பெயர் வாங்கும்வரை மறுபடி அந்த வேலைக்கு வர முடியாது.

இவ்வளவு நுணுக்கமான விதிகள் சும்மா வராது. 919இல் ஓர் ஏற்பாடு செய்து, இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் விதியில் வயது 30 முதல் 60 வரை என்று இருந்தது. இரண்டாவதில் 35 முதல் 70 வரை என்று மாறியது. நடைமுறையில் ஏதோ சரிப்பட்டு வரவில்லை, மாற்றினார்கள். பைலாவைத் திருத்துவது பாவமில்லை என்பதற்கு ஆயிரத்து நூறு ஆண்டு முன்னுதாரணம் இருக்கிறது.

குடத்துக்குள் வராத பெயர்கள்

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது எல்லோருக்குமான தேர்தல் இல்லை. நிலம் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் வராது. பெண்கள் பெயர் வராது. வேதம் படிக்காதவர் பெயர் வராது. ஏரியில் இறங்கி வண்டலை வெட்டிக் கூடையில் சுமந்து கரையில் கொட்டியவர்கள் யாரோ, அவர்களுக்கு அந்தச் சபையில் இடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை.

ஆகவே உத்திரமேரூரை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம், பழங்கதை என்று ஒதுக்கவும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு: தண்ணீருக்கென்று தனியாக ஒரு குழு, அந்தக் குழுவுக்குக் கறாரான கணக்கு. விட்டுவிட வேண்டியது ஒன்று: சொத்து இருப்பவருக்கு மட்டும்தான் பேச்சு என்ற எண்ணம்.

ஏரி கை மாறிய கதை

சோழருக்குப் பிறகு எத்தனையோ அரசுகள் வந்து போயின. ஆனால் ஏரிக்கு ஊரே பொறுப்பு என்ற வழக்கம் நீண்ட காலம் நின்றது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தார். அறுவடையில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு பங்கு என்று ஊர்கள் ஒதுக்கி வந்ததை அந்தக் கணக்குகளில் காணலாம். ஏரிப் பராமரிப்பும் அவற்றில் ஒன்று.

1790களில் இந்தப் பகுதியின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கரை உடையும் அபாயத்தில் இருந்த ஒரு மழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதைப் பிளேஸ் துரை கண்டார், அதனால் தாயார் சன்னதியைக் கட்டித் தந்தார் என்பது கோயிலின் கதை. கதை எப்படியிருந்தாலும், ஒரு கலெக்டர் மழை இரவில் ஏரிக்கரையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று ஊர் நினைவில் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவரி முழுவதும் கருவூலத்துக்குப் போனது. ஊரின் கையில் இருந்த பங்குகள் சுருங்கின. பெரிய வேலைகள் பொதுப்பணித் துறையிடம் போயின. சில்லறை வேலைகள் மட்டும் குடிமராமத்து என்ற பெயரில் ஊரின் தலையில் நின்றன. வருமானம் இல்லை, வேலை மட்டும் உண்டு என்றால் யார் செய்வார்கள்? ஊரார் வரவில்லை. அதற்காகவே 1858இல் குடிமராமத்து உழைப்பைக் கட்டாயமாக்கி ஒரு சட்டம் வந்தது. சட்டத்தால் மண்வெட்டி நகரவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை மறுபடி தொடங்கி ஏரி, கால்வாய்களைத் தூர்வார நிதி ஒதுக்கியது. பழைய சொல் திரும்பி வந்தது என்றால், பழைய தேவை தீரவில்லை என்று பொருள்.

பள்ளி மைதானத்தில் ஒரு சின்ன ஏரி

ஏரியைப் பற்றி ஏன் இவ்வளவு? நமக்கு ஏரி இல்லையே என்கிறீர்களா? பொறுங்கள்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பல ஊர்களில் பள்ளிக்குக் கிடைத்த இடம் புறம்போக்கு நிலம். பெரும்பாலும் தாழ்வான இடம். சுற்றிலும் சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போட்டிருப்பார்கள். நவம்பரில் மைதானம் குளமாகும். பிள்ளைகள் செங்கல் மேல் கால் வைத்து வகுப்புக்குப் போவார்கள், அல்லது விடுமுறை. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, ஒரு சிமென்ட் வாய்க்கால் கட்டித் தண்ணீரை வெளியே தள்ளிவிடலாம் என்பதுதான். தள்ளிவிட்ட தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும். மே மாதம் அதே பள்ளியின் கைப்பம்பில் காற்றுதான் வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் மைதானத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினேழு லோடு. ஓராண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர்.

இங்கேதான் ஏரியின் நான்கு உறுப்புகள் கைகொடுக்கும். மைதானத்துக்கு லேசான சரிவு கொடுத்து, ஓரமாக அகலமான, ஆழமில்லாத புல் வாய்க்கால் அமைத்தால் அது வரத்துக்கால். வாய்க்கால் வந்து சேரும் மூலையில், கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து தள்ளி, ஆழமில்லாத ஒரு பள்ளம். சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மண்வரப்பு எடுத்தால் அது கரை. பள்ளத்தின் நடுவில் கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி. ஏரியில் மதகு வயலுக்கு விடுவது போல, இது தண்ணீரை நிலத்துக்குள் விடுகிறது. வரப்பில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கல் பதித்தால் அது கலங்கல். அளவுக்கு மேல் வந்தால் அந்த வழியாக மட்டும் ஊர் வாய்க்காலுக்குப் போகும். மழை விட்டு இரண்டு மூன்று நாளில் பள்ளம் வற்றிவிட வேண்டும். வற்றினால் கொசு முட்டை வளர்ந்து பறக்க நேரமிருக்காது, பிள்ளைகளுக்கும் விளையாட இடம் திரும்பக் கிடைக்கும். வற்றவில்லை என்றால் குழியில் வண்டல் அடைத்திருக்கிறது, மேல்மணலை எடுத்து மாற்ற வேண்டும் என்று பொருள்.

இது நாம் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் த்சுருமி போன்ற ஆறுகளின் படுகையில் நகரம் பெருகி வெள்ளம் அதிகமானபோது, 1980களிலிருந்து பள்ளி மைதானங்களையே கனமழையின்போது தற்காலிகமாக நீர் தேக்கும் இடங்களாக அமைத்தார்கள். மழை நின்றதும் நீர் மெதுவாக வடியும், மைதானம் மறுபடி மைதானமாகும். நம் ஊர்த் தாங்கலும் ஏரியும் செய்துவந்த வேலைதான் அது: வந்த வேகத்தில் அனுப்பாதே, கொஞ்சம் நிறுத்தி அனுப்பு.

இனி நம் வளாகம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆகவே நம் வளாகத்திலும் எங்கோ உறிஞ்சுகுழி இருக்கும். அது எங்கே, கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம் என்று உங்களால் சொல்ல முடியுமா? 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். குழி அடைத்திருந்தால் அத்தனையும் பேவர் பிளாக் மேல் ஓடி, கேட்டைத் தாண்டி, தாழ்வாக இருக்கும் பக்கத்து வீட்டுக்கோ பள்ளிக்கோ போகும். நம் கலங்கல் யாருடைய வாசலில் வழிகிறது என்று பார்ப்பதும் நம் பொறுப்புதான். பழைய ஊர்களில் மேல் ஏரிக்காரர்கள் கலங்கலை இஷ்டத்துக்கு உயர்த்திவிட முடியாது. கீழ் ஏரிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள்.

அதனால் வரும் பொதுக்குழுவில் விவாதிக்க ஒரு யோசனையை முன்வைக்கிறோம். நம் சங்கத்துக்கு ஆறு பேர் கொண்ட ஓர் ஏரி வாரியம். பதவிக்காலம் ஓராண்டு. பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டே எடுக்கலாம், வளாகத்துப் பிள்ளைகளில் ஒருவரே எடுக்கட்டும். சொந்த வீட்டுக்காரர் மட்டுமின்றி வாடகைக்கு இருப்போரும் இதில் இருக்க வேண்டும். மழை நாளில் தண்ணீர் முதலில் புகுவது கீழ்த்தளத்தில்தான். எந்த மூலையில் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள் கீழ்த்தளத்தில் இருப்போரும், நம் செக்யூரிட்டிகளும், பிளம்பரும்தான். வாரியம் கூடும்போது அவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

வேலை நான்கு. செப்டம்பருக்குள் மொட்டை மாடியையும் மழைநீர்க் குழாய்களையும் சுத்தம் செய்வது. உறிஞ்சுகுழிகளைத் திறந்து மணலையும் ஜல்லியையும் கழுவுவது அல்லது மாற்றுவது. கழிவுநீர் எந்த இடத்திலும் மழைநீர் வழியில் கலக்கவில்லை என்று உறுதி செய்வது. முதல் பெருமழை அன்று குடையோடு ஒரு சுற்று சுற்றி, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று வரைபடத்தில் குறித்து வைப்பது.

ஐந்தாவதாக ஒன்று, கணக்கு. செலவான ஒவ்வொரு ரூபாயும் இந்தச் செய்திமடலின் தை மாத இதழில் வெளியாக வேண்டும். வெளியிடாத வாரியத்தில் இருந்தவர் மறு ஆண்டு சீட்டுக் குலுக்கலில் சேர முடியாது. சித்தி மகன், அத்தை மகன்வரை தண்டிக்க வேண்டாம், அந்த விதியை மட்டும் தளர்த்திவிடலாம்.

பொதுக்குழுவுக்கு முன்னால் நேரம் கிடைத்தால் குடும்பத்தோடு உத்திரமேரூருக்குப் போய் வாருங்கள். கோயில் சுவரில் கல்வெட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். பிள்ளைகளை ஏரிக்கரைக்கும் கூட்டிப் போங்கள். வரத்துக்கால் எது, மதகு எது, கலங்கல் எது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து அதே கேள்வியை நம் வளாகத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் வரைந்து கொண்டுவரும் படங்களைப் பொதுக்குழுக் கூடத்தின் சுவரில் ஒட்டி வைப்போம்.